பாங்கிப் பணமும் குடியானவரின் ஜாக்கிரதையும்

திருவள்ளூர் இரயில் நிலையத்தை அடுத்த மணவாள நகரையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் அறிந்தோருக்கு, அப்பிரதேசத்தில் ஏற்பட்டுள்ள மாறுதல் நன்கு புலப்படும். ஒரு புறம் சம்பா, நவரைப் பட்டங்களில் நெல் விளையும் வயல்கள் இருக்கின்றன. மற்றொரு புறம் கும்மிடிப்பூண்டி, காக்களூர், ஸ்ரீபெரும்புதூர் ஆகிய இடங்களிலுள்ள தொழிற்பேட்டைகளுக்கு நாள்தோறும் ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் ஓடுகின்றன. சாலைகளுக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் நிலம் கொடுத்தவர்களுக்கு உரிய நஷ்ட ஈட்டுத் தொகை, அவர்களுடைய பாங்கிக் கணக்கிலேயே சேர்க்கப்படுகிறது. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லின் விலை, பயிர்க் கடன், பயிர் இன்ஷியூரன்ஸ், சர்க்கார் மானியம் ஆகிய யாவும் இன்று பாங்கியின் வழியாகவே குடியானவரை அடைகின்றன.

முன்னாளில் மூட்டையாகவும் முடிச்சாகவும் வீட்டில் இருந்த பொருள், இக்காலத்தில் கணக்குப் புத்தகத்தில் எழுத்தாகவும் செல்போனில் இலக்கமாகவும் இருக்கிறது. பொருள் இருக்குமிடம் மாறினபடியால், திருடன் வரும் வழியும் மாறிவிட்டது. அவன் சுவரைத் துளைப்பதில்லை. பாங்கியின் இரும்புப் பெட்டியை உடைப்பதுமில்லை. கணக்குடையவரைக் கொண்டே கதவைத் திறக்கச் செய்து, பொருளை எடுத்துக்கொண்டு போகிறான். இந்தியா முழுவதிலும் இவ்வகை இணைய மோசங்களால் ஜனங்கள் இழந்த தொகை 2023-ம் வருஷத்தில் 7,465 கோடி ரூபாய் என்றும், 2024-ம் வருஷத்தில் அது 22,845 கோடி ரூபாயாக உயர்ந்தது என்றும் மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் தெரிவித்திருக்கிறது. ஒரே வருஷத்தில் மூன்று மடங்காகிய இந்நஷ்டம் பட்டணத்தாரை மாத்திரம் சேர்ந்ததன்று. ஆகையால் இதன் வகைகளையும், காத்துக்கொள்ளும் முறைகளையும் நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

முற்காலத்து மோசமும் இக்காலத்து மோசமும்

பாங்கியில் பணம் போட்டவர்கள் கெட்டுப்போவது இந்நாட்டில் புதிதன்று. 1906-ம் வருஷம் அக்டோபர் மாதம் 22-ந் தேதி, சென்னையில் பெரும் பெயர் பெற்றிருந்த அர்பத்நாட் கம்பெனி, பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அதனை நம்பித் தங்கள் சேமிப்பைப் போட்டிருந்த அநேகர் நிர்க்கதியாயினர். அக்கம்பெனியின் தலைவரான ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் விசாரிக்கப்பட்டுச் சிறைத் தண்டனை அடைந்தார். அந்த நஷ்டத்தின் பாடத்திலிருந்து, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-ம் வருஷத்தில் இந்தியன் பாங்கு தோன்றியது.

அக்காலத்தில் குற்றம் பணத்தை வாங்கி வைத்தவர்களிடம் இருந்தது. போட்டவர்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இன்று அந்நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. பாங்கி முறிந்துபோனால், போட்ட பணத்தில் வட்டியையும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் வரையில் ஒவ்வொருவருக்கும் இன்ஷியூரன்ஸ் உண்டு. இவ்வரம்பு 2020-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 4-ந் தேதி முதல் ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்தப்பட்டது. கூட்டுறவுப் பாங்கிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் கிராமத்திலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பொருந்தாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இன்ஷியூரன்ஸ் பாங்கி முறிவதற்கு மாத்திரமே உரியது. கணக்குடையவர் ஏமாந்து தம் கையாலேயே அனுப்பிவிட்ட பணத்துக்கு அது ஈடு செய்யாது. எனவே இக்காலத்தில் காவலின் பெரும் பங்கு கணக்குடையவரின் கையிலேயே இருக்கிறது.

2020-ம் வருஷத்தில் இம்மாகாணத்தில் நடந்தது

விவசாயிகளின் பாங்கிக் கணக்குகளை ஒட்டி இம்மாகாணத்தில் நடந்த ஒரு பெரிய மோசம் இங்கே நினைவுகூரத்தக்கது. 2019-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிசான் திட்டத்தின்படி, நிலமுள்ள விவசாயக் குடும்பம் ஒன்றுக்கு வருஷத்துக்கு ரூ.6,000, மூன்று தவணைகளாக நேரே பாங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. 2020-ம் வருஷத்தில், கொரோனா நோய் பரவியிருந்த சமயத்தில், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலிய ஜில்லாக்களில் நிலமே இல்லாத பலர் இத்திட்டத்தில் விவசாயிகளாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது வெளியாயிற்று. இலாகா உத்தியோகஸ்தர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த கடவுச்சொற்கள், தரகர்கள் கையிலும் கம்ப்யூட்டர் நிலையங்களிலும் புழங்கியதே இதற்கு வழியாயிற்று.

இவ்வாறு தகுதியற்றவர்களாகப் பதிவானோர் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்றும், போன தொகை 110 கோடி ரூபாய்க்கு மேல் என்றும் அவ்வருஷம் செப்டம்பர் மாதத்தில் அப்போதைய விவசாய இலாகாச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி தெரிவித்தார். எண்பது பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர், முப்பத்துநான்கு பேர் தற்காலிகமாக நீக்கிவைக்கப்பட்டனர், பலர் கைதாயினர். விசாரணை சி.பி.சி.ஐ.டி. போலீஸார் வசம் சென்றது.

இச்சம்பவத்தில் பதிவு செய்யப்பட்ட ஏழைகளில் பலர் மோசம் செய்யும் எண்ணமுடையவர்கள் அல்லர். கொரோனா நிவாரணம் வருகிறது என்று சொல்லக் கேட்டு, ஆதார் நகலையும் பாங்கிப் புத்தக நகலையும் கொடுத்தவர்கள். வந்த பணத்தில் ஒரு பங்கைத் தரகர் வாங்கிக்கொண்டார். பிறகு சர்க்கார் பணத்தைத் திரும்ப வசூலித்தபோதோ, தரகர் கொண்ட பங்கையும் சேர்த்துக் கணக்குடையவரே கட்ட நேர்ந்தது. இதிலிருந்து இரண்டு பாடங்கள் விளங்கும். தன் கணக்கைப் பிறர் உபயோகிக்க விட்டவர், அதில் நடக்கும் யாவற்றுக்கும் தாமே பொறுப்பாளியாகிறார். தன் கடவுச்சொல்லைப் பிறரிடம் ஒப்படைத்த உத்தியோகஸ்தர், தன் கையெழுத்தையும் முத்திரையையுமே ஒப்படைத்தவராகிறார்.

மோசங்களின் வகைகள்

மோசக்காரர்கள் கையாளும் உபாயங்கள் அநேகம். அவற்றுள் நிலமுடையவர்களைச் சேர்ந்த முக்கியமானவை பின்வருமாறு:

(1) ரகசிய எண்ணைத் தட்டச் செய்தல். ஒருவர் தம் எருமையையோ பழைய டிராக்டரையோ விற்பதாக இணையத்தில் தெரிவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குவதாக ஒருவன் பேசுகிறான். பேரம் செய்யாமலே விலைக்கு ஒப்புக்கொள்கிறான். முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூ.ஆர். குறியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இதைப் பிடித்து உங்கள் ரகசிய எண்ணைத் தட்டுங்கள், பணம் வந்துவிடும்” என்கிறான். தட்டியவுடன் பணம் வருவதற்குப் பதிலாகப் போகிறது. கூகுள் பே, போன் பே முதலிய எதிலாயினும், ரகசிய எண் என்பது பணம் கொடுப்பதற்கும் இருப்பைப் பார்ப்பதற்குமே உரியது. பணம் வாங்குவதற்கு ஒரு எண்ணும் தட்டவேண்டியதில்லை. இந்த ஒரு விதியை மறவாதவர் பாதி மோசங்களிலிருந்து தப்பலாம்.

(2) பொய்யான திட்டச் செயலிகள். “கிசான் தவணை நின்றுவிட்டது, இச்செயலியை ஏற்றிக்கொள்க” என்ற செய்தியுடன், ஏ.பி.கே. என்று முடியும் ஒரு கோப்பு வாட்ஸ்அப்பில் வரும். தெரிந்தவரின் எண்ணிலிருந்தே வருவதும் உண்டு. ஏனெனில் அவருடைய போன் முன்னமே அகப்பட்டிருக்கும். அதனை ஏற்றிவிட்டால், போனுக்கு வரும் குறுஞ்செய்திகள் யாவும் மோசக்காரனுக்கும் தெரியும். பாங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணை அவன் கேட்கவே வேண்டியதில்லை; தானாகப் பார்த்துக்கொள்வான். “ஒருவரிடமும் எண்ணைச் சொல்லவில்லையே, எப்படிப் போயிற்று?” என்று திகைப்பவர்களில் பலரின் விஷயம் இதுவே. இவ்வாறே சூரிய சக்திப் பம்பு மானியத்துக்கு முன்பணம் கேட்கும் பொய்த் தளங்களைப் பற்றி மத்திய சர்க்கார் பல தடவை எச்சரித்திருக்கிறது.

(3) நிலத்தில் டவர் அமைத்தல். “உங்கள் நிலத்தில் செல்போன் டவர் வைக்கப்போகிறோம்; பெருந்தொகை முன்பணமும் மாத வாடகையும் கிடைக்கும்” என்று கடிதமோ அழைப்போ வரும். சர்க்கார் முத்திரை போட்ட அனுமதிப் பத்திரமும் காட்டுவார்கள். பிறகு பதிவுக் கட்டணம், வரி, இன்ஷியூரன்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பணம் கேட்பார்கள். டவர் வைக்கும் கம்பெனி நிலத்துக்குடையவருக்குப் பணம் கொடுக்குமேயன்றி, அவரிடமிருந்து வாங்காது. நிலத்துக்குடையவருக்கு இவ்வித அனுமதிப் பத்திரம் எதையும் தொலைத்தொடர்பு இலாகா கொடுப்பதில்லை.

(4) பத்திரத்திலிருந்து கைரேகை எடுத்தல். ஆதார் எண்ணையும் கைரேகையையும் கொண்டு, கிராமத்திலேயே பாங்கிப் பிரதிநிதியிடம் பணம் எடுக்கும் முறை ஒன்று உண்டு. வயதானவர்களுக்கு அது பெரும் உதவி. ஆனால் பதிவு செய்யப்பட்ட நிலப் பத்திரங்களில் கைரேகையும் ஆதார் எண்ணும் சேர்ந்திருப்பின், அந்நகல் தீயவர் கையில் அகப்படுமாயின் அபாயம் உண்டு. 2018-ம் வருஷத்தில் தெலங்கானாவின் பெத்தபள்ளி ஜில்லாவில், பதிவு இலாகாவின் தளத்திலிருந்த நிலப் பத்திரங்களின் கைரேகைகளைப் பார்த்துப் போலி ரேகைகள் செய்து, பிறர் பெயரில் சிம் கார்டுகள் பெறப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டது. இதே உபாயத்தால் பாங்கிப் பணம் எடுக்கப்பட்ட வழக்குகள் பின்னர் வேறு மாகாணங்களிலும் வெளிவந்தன. இதற்குப் பரிகாரம், ஆதாரின் கைரேகையைப் பூட்டிவைப்பது. ஆதார் செயலியிலோ தளத்திலோ இதனைச் செய்துகொள்ளலாம்; விவரத்தை 1947 என்ற எண்ணில் கேட்டறியலாம். பூட்டியபின் கைரேகை எங்கும் செல்லாதாகையால், நியாயவிலைக் கடைக்கோ பாங்கிப் பிரதிநிதியிடமோ போகும் நாளில் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும்.

(5) போலீஸ் வேஷம். “உங்கள் ஆதாரைக் கொண்டு குற்றம் நடந்திருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், வீட்டாரிடமும் பேசக்கூடாது” என்று வீடியோவில் சீருடையுடன் தோன்றி மிரட்டி, கணக்கிலுள்ள பணத்தைச் “சோதனைக்காக” மாற்றச் சொல்லுவது இவ்வகை. 2024-ம் வருஷம் அக்டோபர் மாதம் 27-ந் தேதி பிரதம மந்திரி தமது ரேடியோப் பிரசங்கத்தில் இதனை எடுத்துக்கூறி எச்சரித்தார். டிஜிட்டல் கைது என்பது இந்நாட்டுச் சட்டம் எதிலும் இல்லை. எந்தப் போலீஸாரும், எந்தக் கோர்ட்டாரும் போனில் பணம் கேட்கமாட்டார்கள்.

(6) கணக்கை வாடகைக்கு வாங்குதல். திருடிய பணம் எங்காவது ஒரு கணக்கில் போய் விழ வேண்டும். அதற்காகத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் இளைஞர்களையும் படிக்கும் பிள்ளைகளையும் அணுகி, “கணக்கு ஒன்று திறந்து ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் கொடுத்தால் சில ஆயிரம் தருகிறோம்” என்று ஆசை காட்டுகிறார்கள். போலீஸார் பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும்போது முதலில் அகப்படுவது அவ்விளைஞனே. பிள்ளைகளை வெளியே வேலைக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பமும் இதனை அவர்களுக்குச் சொல்லியனுப்புதல் வேண்டும்.

(7) அளவுக்கு மீறிய லாபம். 2012-ம் வருஷத்தில் பெருந்துறையிலுள்ள ஈமுக் கோழிப் பண்ணை ஒன்று மூடப்பட்டபோது, மாதந்தோறும் பணம் வரும் என்று நம்பிப் போட்டிருந்த விவசாயிகள் பலர் நஷ்டமடைந்தனர். இன்று அதே ஆசை, பங்கு வியாபாரம் கற்றுத்தருவதாகச் சொல்லும் வாட்ஸ்அப் குழுக்களின் ரூபத்தில் வருகிறது. முதலில் சிறு தொகை லாபமாகத் திரும்பி வரும். அந்நம்பிக்கையில் பெருந்தொகை போட்டபின் ஒன்றும் வராது. இம்மாகாணத்தில் 1997-ம் வருஷத்திய முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும், இந்தியா முழுமைக்கும் 2019-ம் வருஷத்திய வரைமுறையற்ற வைப்புத் திட்டங்களைத் தடுக்கும் சட்டமும் உண்டு. ஆயினும் சட்டம் தண்டிக்குமேயன்றி, போன முதலை முழுதும் மீட்டுத் தருவது அரிது.

நஷ்ட ஈட்டுத் தொகை பெற்றவர்கள் அறியவேண்டுவது

மேற்சொன்ன யாவற்றிலும் அதிக அபாயத்துக்கு உட்பட்டவர், நிலம் கொடுத்துத் தொகை பெற்றவரே. விளைச்சல் ஒரு பட்டத்தில் பொய்த்தாலும் அடுத்த பட்டத்தில் வரும். நிலமோ ஒரே தடவைதான் பணமாகும். பல தலைமுறைகள் உழுத நிலத்துக்கு ஈடாக வந்த அப்பணம் சில நிமிஷங்களில் போய்விட்டால், அக்குடும்பத்துக்கு நிலமும் இல்லை, தொகையும் இல்லை. மேலும் எந்தக் கிராமத்தில் எவருக்கு எவ்வளவு தொகை வந்தது என்பது ஊரறிந்த செய்தியாதலால், அது மோசக்காரர்களுக்கும் எட்டுகிறது.

ஆகையால் இத்தகையோர் இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்ளுதல் நலம். பெருந்தொகையைப் போனோடும் ஏ.டி.எம். கார்டோடும் சம்பந்தமில்லாத கணக்கில், முடிந்தவரை குறித்தகால வைப்பாகப் போட்டுவைக்க வேண்டும். அதனைப் போனின் வழியாக முறிக்கும் வசதியையும் நிறுத்திவைக்கும்படி கிளையில் எழுதிக் கொடுக்கலாம். அன்றாடச் செலவுக்கும், விதை உரம் வாங்குவதற்கும் வேண்டிய சிறு தொகை மாத்திரம் போனோடு சேர்ந்த மற்றொரு கணக்கில் இருக்கட்டும். ஏரி முழுவதையும் ஒரே மதகில் நம்பிவிடாமல், வயலுக்கு வேண்டிய நீரை மாத்திரம் வாய்க்காலில் விடுவது போன்றது இது. வாய்க்கால் உடைந்தாலும் ஏரி நிற்கும்.

எப்போதும் கையாள வேண்டிய முறைகள்

பாங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் எவரிடமும் ஓ.டி.பி., ரகசிய எண், கார்டின் பின்புறத்து மூன்று இலக்கங்கள் ஆகியவற்றைச் சொல்லலாகாது. பாங்கிக்கு அவை தேவையில்லை. சந்தேகம் வரின், அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குத் தாமே பேச வேண்டும். அல்லது கிளைக்கு நேரில் போக வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்ணை நம்பலாகாது. மோசக்காரர்கள் தம் எண்ணையே பாங்கியின் எண்ணாக அங்கே போட்டுவைக்கிறார்கள்.

பாங்கிகளின் தளங்கள் யாவும் 2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் 31-ந் தேதிக்குள் “பேங்க்.இன்” என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டுமென ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. வேறு முடிவுள்ள முகவரியில் பாங்கியின் பெயர் தோன்றினால் ஐயுற வேண்டும். பாங்கி முதலிய நிதி நிறுவனங்கள் பேசுவதற்கென 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரணப் பத்திலக்க எண்ணிலிருந்து “பாங்கி மேனேஜர்” பேசினால் அதுவே ஓர் எச்சரிக்கை.

பாங்கியில் கொடுத்த போன் எண்ணை மாற்றினால், அன்றே கிளைக்குத் தெரிவிக்க வேண்டும். உபயோகிக்காமல் விட்ட எண் சில காலத்தின்பின் வேறொருவருக்குக் கொடுக்கப்படுமாதலால், கணக்கைப் பற்றிய செய்திகள் அவருக்குப் போய்விடும். பெரியவர்கள் தம் போனைப் பிறரிடம் கொடுத்துப் பணம் அனுப்பச் சொல்லும்போது, ரகசிய எண்ணைத் தாமே தட்டுதல் வேண்டும்.

இவை யாவினும் மேலான முறை ஒன்று உண்டு. அவசரப்படுத்துபவனுக்குப் பணம் கொடுப்பதில்லை என்று உறுதி கொள்ளுதலே அது. மோசக்காரனின் முதல் ஆயுதம் அவசரம். இரண்டாவது, “வேறு ஒருவரிடமும் சொல்லாதே” என்னும் கட்டளை. ஓர் இரவு பொறுத்து, வீட்டாரில் ஒருவரிடமாவது சொல்லிக் கேட்டால், மோசங்களில் பெரும்பாலானவை அங்கேயே குலைந்துபோகும். மாடு வாங்கும்போது நாலு பேரைக் கேட்டுப் பல்லைப் பிடித்துப் பார்க்கும் குடியானவர், போனில் முகமறியாதவன் சொல்லை உடனே ஏற்கவேண்டிய காரணம் ஒன்றுமில்லை.

மோசம் நேர்ந்துவிட்டால்

ஏரிக்கரையில் உடைப்பு எடுத்தால், முதல் நாழிகையில் போடும் பத்துக் கூடை மண், மறுநாள் போடும் ஆயிரம் கூடைக்குச் சமானமாகும். இதுவும் அவ்வாறே. திருடிய பணத்தை மோசக்காரன் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குச் சிதறச் செய்து, கடைசியில் எடுத்துக்கொள்கிறான். அவன் எடுப்பதற்குமுன் செய்தி எட்டினால், பணம் நிற்கும் கணக்கைப் பாங்கி நிறுத்திவைக்கக்கூடும்.

ஆகையால் பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். இணைய நிதி மோசங்களுக்கென்று இந்தியா முழுமைக்கும் ஏற்பட்டுள்ள எண் இது. பணம் போன கணக்கின் எண், போன நேரம், தொகை, குறுஞ்செய்தியிலுள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைச் சொல்லத் தயாராக இருத்தல் வேண்டும். உடனே தம் பாங்கிக்கும் தெரிவித்துக் கார்டையும் இணையப் பரிவர்த்தனையையும் நிறுத்தச் செய்ய வேண்டும். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ, ஜில்லாவின் சைபர் குற்றப் போலீஸாரிடமோ எழுத்து மூலமும் புகார் கொடுத்து, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வந்த செய்திகளையும் அழைப்புகளின் விவரத்தையும் வெட்கத்தினால் அழித்துவிடலாகாது, அவையே சாட்சி.

கணக்குடையவரின் பொறுப்பைப் பற்றி ரிசர்வ் பாங்கி 2017-ம் வருஷம் ஜூலை மாதம் 6-ந் தேதி ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன் சாரமாவது: பாங்கியின் குறையால் பணம் போனால் கணக்குடையவருக்கு நஷ்டம் இல்லை. பாங்கியின் மீதும் கணக்குடையவர் மீதும் குற்றமில்லாமல் வேறிடத்துக் குறையால் போயிருந்து, பாங்கியின் செய்தி கிடைத்தபின் மூன்று வேலை நாட்களுக்குள் அவர் தெரிவித்தால், அப்போதும் நஷ்டம் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், அவர் ஏற்கவேண்டிய நஷ்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு ரூ.5,000, மற்றச் சேமிப்புக் கணக்குகளுக்கு ரூ.10,000 என்று அவ்வுத்தரவு விதித்தது. ஆனால் கணக்குடையவரே ரகசிய எண் முதலியவற்றை வெளியிட்டிருந்தால், பாங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் போன பணம் முழுதும் அவரைச் சேர்ந்த நஷ்டமே. தெரிவித்தபின் போவது மாத்திரம் பாங்கியைச் சேரும். இதிலிருந்து, தம் மேல் தவறு இருப்பினும் உடனே தெரிவிப்பதால் லாபமேயன்றி நஷ்டமில்லை என்பது விளங்கும். நடப்பிலுள்ள விதிகளை ஒவ்வொருவரும் தம் கிளையில் கேட்டறிந்துகொள்ளலாம்.

பாங்கிக்குக் கொடுத்த புகாருக்கு முப்பது நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2021-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஏற்பட்ட ஏற்பாடு இது. இதன் விவரத்தை 14448 என்ற எண்ணில் கேட்கலாம்.

மற்றுமோர் எச்சரிக்கை அவசியமாகிறது. பணத்தை இழந்தவரிடம் சில நாட்கள் கழித்து, “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் செலுத்துக” என்று வேறொருவன் பேசுவதுண்டு. முதல் திருடனின் கூட்டாளியே அவன். போலீஸாரோ ரிசர்வ் பாங்கியோ பணத்தை மீட்பதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

கிராம உத்தியோகஸ்தர்களின் கடமை

இவ்விஷயத்தில் கிராம நிர்வாக அலுவலர்கள், விவசாய இலாகா ஊழியர்கள், ஊராட்சித் தலைவர்கள், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள் ஆகியோர் செய்யக்கூடியது மிகுதி. 2020-ம் வருஷத்து அனுபவத்தை முன்னிட்டு, சர்க்கார் தளங்களுக்குரிய தங்கள் கடவுச்சொல்லை எவ்வளவு வேலை நெருக்கடியிலும் வெளியாரிடம் ஒப்படைக்கலாகாது. உதவிக்கு ஆள் வைத்திருந்தாலும், அங்கீகாரம் செய்யும் கடைசிப் படி தங்கள் கையாலேயே நடைபெற வேண்டும். இடமாற்றம் ஏற்படும்போது பழைய கடவுச்சொல் நீக்கப்பட்டதா என்று கவனித்தல் வேண்டும்.

திட்டங்களுக்காகக் குடியானவர்களிடம் வாங்கும் ஆதார், பட்டா, பாங்கிப் புத்தக நகல்களை நகலெடுக்கும் கடைகளிலும் மேஜை மேலும் கிடக்கவிடலாகாது. எந்தக் காரியத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் தேதியையும் நகலின் மேலேயே எழுதி வாங்குவது நல்ல வழக்கம். ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட பிரதி போதுமாயின், அதனையே கேட்கலாம்.

ஒரு கிராமத்தில் நில எடுப்புத் தொகை பட்டுவாடாவாகும் நாளில், தொகை பெறுவோரைக் கூட்டி, மேலே சொன்ன இரண்டு கணக்கு முறையை விளக்கிச் சொல்லும்படி பாங்கிக் கிளையாரைக் கேட்டுக்கொள்ளலாம். கிராம சபை கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் 1930 என்ற எண்ணையும், அச்சமயத்தில் வழங்கும் மோசத்தின் வகையையும் ஐந்து நிமிஷம் எடுத்துச் சொல்லலாம். ஊராட்சி அலுவலகத்திலும் நியாயவிலைக் கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அவ்வெண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பணத்தை இழந்து வருபவரை நிந்தித்துப் பேசலாகாது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. படித்தவர்களும் பெரிய உத்தியோகம் பார்த்தவர்களும் இம்மோசங்களில் அகப்பட்டிருக்கிறார்கள். ஊரார் நகைப்பார்களே என்றஞ்சி, வீட்டாருக்கும் சொல்லாமல் மறைத்தவர்களே, பணத்தை மீட்கக்கூடிய முதல் நாழிகைகளை வீணாக்கி, மேலும் மேலும் இழந்திருக்கிறார்கள். கிராமத்தில் ஒருவர் தமக்கு நேர்ந்ததைத் தைரியமாக எடுத்துச் சொன்னால், அவ்வூரில் பத்துப் பேர் தப்புவர்.

சுருங்கக் கூறின்: பணம் வாங்குவதற்கு ரகசியம் எதுவும் தேவையில்லை, ரகசியம் கேட்பவன் பணம் எடுக்க வந்தவன். முன்பணம் கேட்கும் மானியம் மானியமன்று. பெருந்தொகை போனில் இருக்கலாகாது. ஓர் இரவு பொறுத்து மற்றொருவரைக் கேட்க வேண்டும். போய்விட்டால், அந்நிமிஷமே 1930-க்குப் பேச வேண்டும். இவ்வைந்தையும் வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டி, கணக்குப் புத்தகத்தின் உறையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம்.